முற்றத்து வீட்டுக் கூடத்தில் 16 விளக்குப் போட்டும் அழுது வடிவது ஏன்?

வெட்டாற்றங்கரை:

திருவாரூர்ப் பக்கம், வெட்டாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் கொல்லை என்று பழைய முறையில் கட்டிய ஓட்டு வீடு. கூடம் 20 அடிக்கு 14 அடி. தேக்கு உத்தரமும் தூண்களும் அப்படியே இருக்கின்றன; தரை சிவப்பு ரெட் ஆக்சைடு. உத்தரங்களுக்கு இடையில் ஃபால்ஸ் சீலிங் கொடுத்து, அதில் 12 வாட் எல்இடி வட்ட விளக்குகள் 16 பதித்திருக்கிறார்கள். எல்லாமே 6500 கெல்வின் வெள்ளை. சுவரில் புதிய சிமெண்ட் பூச்சு முடிந்திருக்கிறது, பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை.

மாலையில் அத்தனை விளக்கையும் போட்டாலும் கூடம் அழுது வடிகிறது. அண்ணாந்தால் கண் கூசுகிறது, எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிறது. 72 வயதான என் தாயார், அடுக்களையில் அரிசியில் கிடக்கும் கல்லே கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார். மின்பணி செய்பவர் இன்னும் எட்டு விளக்குப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். மஞ்சள் விளக்கு போடலாமா என்று கேட்டால், வீட்டுக்குள் எப்போதும் லோ வோல்டேஜ் வந்தது போல இருக்கும் என்று என் தம்பி மறுக்கிறான். பாயிண்ட்களை மாற்ற இன்னும் நேரம் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

குடமுருட்டி:

எட்டு விளக்கை வாங்குவதற்கு முன்னால் ஒரு சிறிய கணக்குப் போட்டுவிடுவோம். விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியை லுமன் என்று அளப்பார்கள். 12 வாட் வட்ட விளக்கு ஒன்று சுமார் 1,000 லுமன் தரும்; 16 விளக்குக்கு 16,000. அதில் ஏறக்குறைய பாதிதான் தரையை வந்து சேரும், போகப்போகத் தூசியாலும் வயதாலும் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 26 சதுர மீட்டர் கூடத்தில் இதை வகுத்தால் தரையில் சதுர மீட்டருக்குச் சுமார் 250 லுமன், அதாவது 250 லக்ஸ் வருகிறது. ஐஎஸ் 3646 என்ற இந்தியத் தரநிலை அலுவலக வேலைக்கே 300 முதல் 750 லக்ஸ் வரைதான் பரிந்துரைக்கிறது. எனவே வீட்டுக் கூடத்துக்கு உங்களிடம் இருக்கும் ஒளியின் அளவில் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் வந்து விழும் ஒளி. கண் அதைப் பார்ப்பதில்லை. அந்தப் பரப்பு திருப்பி அனுப்புவதைத்தான் பார்க்கிறது. அதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கண்டெலா என்று அளப்பார்கள். பளபளப்பில்லாத பரப்பானால், விழும் லக்ஸைப் பரப்பின் திருப்பும் திறனால் பெருக்கி 3.14 ஆல் வகுத்தால் போதும். பழைய சிவப்புத் தரை விழுவதில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பும், ஆகவே 250 லக்ஸ் விழுந்தும் கண்ணுக்கு வருவது வெறும் 8 கண்டெலா. சுவரில் இதில் பாதி விழுவதாக வைத்துக்கொண்டால், பெயின்ட் அடிக்காத சாம்பல் பூச்சு அதில் கால் பங்கைத் திருப்பும். அதுவும் 10 கண்டெலாவைத் தாண்டாது. விளக்கின் முகத்தையோ அரையடி அகல வட்டத்திலிருந்து 1,000 லுமன் வருவதாகக் கணக்கிட்டால், சதுர மீட்டருக்கு சுமார் 18,000 கண்டெலா. நீங்கள் காண்பது, கருத்த தரையும் மங்கிய சுவரும் சூழ்ந்த இடத்தில் அவற்றைப் போல இரண்டாயிரம் மடங்கு பளீரென்று எரியும் பதினாறு வட்டங்களை. கண் தன் நிலையைப் பிரகாசமானதன் பக்கம் சாய்த்துக்கொள்வதால், மற்றதெல்லாம் உள்ளதைவிட இருண்டு தெரிகிறது.

இன்னும் எட்டு விளக்கு சேர்த்தால் ஒளி ஒன்றரை மடங்காகும். ஆனால் பரப்புகளின் பிரகாசத்தை நாம் உணர்வது ஏறத்தாழ ஒளியின் கனமூலத்தை ஒட்டியே வளர்கிறது என்று உளவியலாளர் ஸ்டீவன்ஸ் செய்த சோதனைகள் காட்டின. அதாவது இரு மடங்கு பிரகாசமாகத் தோன்றுவதற்கு எட்டு மடங்கு ஒளி வேண்டும். ஒன்றரை மடங்கு ஒளிக்கு உங்கள் கண் உணரப்போவது சுமார் 15 விழுக்காடுதான். அந்தப் பணத்துக்கு முதலில் சுவருக்கு வெள்ளை அடியுங்கள். 80 விழுக்காடு திருப்பும் வெள்ளைச் சுவர், ஒரு விளக்கும் கூட்டாமலே, இன்றைய சாம்பல் சுவரைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒளியைத் திருப்பும். சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்புவதால் அறை முழுவதும் வரும் ஆதாயம் வேறு.

வெண்ணாறு:

நான் மின்பணி ஒப்பந்த வேலை செய்பவன். எங்கள் தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? வீட்டுக்காரர்கள் விளக்கை எண்ணித்தான் வேலையை மதிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் 20 போட்டிருந்தால் இங்கே 24 கேட்பார்கள். குறைத்துப் போட்டுவிட்டு, கிரகப்பிரவேசத்தன்று யாராவது ஒரு மாமா வந்து வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிவிட்டால், மீதிப் பணம் வருவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆகவே அந்த மின்பணியாளரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. இதே மாதிரி வீடுகளில் முன்பு கூடத்துக்கு ஒரே ஒரு நாலடி டியூப் லைட்தான் இருக்கும், அதுவும் சுவரின் உச்சியில். இன்றைய கணக்குப்படி அது 2,500 லுமனைத் தாண்டாது. அப்படியிருந்தும் அந்தக் கூடங்கள் இப்படி அழுது வடிந்ததாக எனக்கு நினைவில்லை. அதற்கு என்ன காரணம்?

குடமுருட்டி:

வெண்ணாறு அண்ணன் கேட்டிருப்பதற்கான பதிலில்தான் இந்த வீட்டுக்கான வழியும் இருக்கிறது. சுவர் உச்சியில் மாட்டிய டியூப் லைட் தன் ஒளியில் கணிசமான பங்கைத் தான் ஒட்டியிருக்கும் சுவரிலும் மேலே ஓட்டின் அடியிலும் வீசியது. அந்தச் சுவரும் பெரும்பாலும் சுண்ணாம்பு வெள்ளை. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய பார்வையில் பெரும்பகுதியை நிரப்புவது எதிர்ச் சுவரும் கூரையின் சரிவுமே தவிரத் தரையன்று. அவை ஒளிர்ந்தால் அறை வெளிச்சமாக இருப்பதாக மூளை முடிவுகட்டிவிடுகிறது. தரையில் எத்தனை லக்ஸ் இருக்கிறது என்பதை அது பொருட்படுத்துவதில்லை. உத்தரத்துக்கு நடுவே பதித்த வட்ட விளக்கு இதை நேர்மாறாகச் செய்கிறது: கூரைக்கு நேரடியாக ஒரு துளியும் போவதில்லை, சுவரின் மேல் பகுதிக்கு மிகக் குறைவாகவே போகிறது, பெரும்பங்கு வாங்கி விழுங்கும் சிவப்புத் தரைக்குப் போய்விடுகிறது.

முகத்து நிழலும் இதனால் வருவதே. தலைக்கு மேலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் புருவமும் மூக்கும் குடைபோல் மறைக்கும். சுவரிலிருந்து பக்கவாட்டில் ஒளி திரும்பி வந்தால் அந்த நிழல்கள் தாமே நிரம்பிவிடும்.

அரசலாறு:

இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கண்ணைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். கண்ணின் பாவை மிகச் சுருங்கினால் 2 மில்லிமீட்டர், மிக விரிந்தால் 8 மில்லிமீட்டர். அதாவது உள்ளே விடும் ஒளியைப் பதினாறு மடங்குக்கு மேல் அதனால் கூட்டிக் குறைக்க இயலாது. ஆனால் நாம் வாழும் ஒளியின் வீச்சோ, முழு நிலவில் கால் லக்ஸுக்கும் கீழிருந்து உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகிறது. அந்த மீதி வேலையை விழித்திரைதான் செய்கிறது. அதில் வெளிச்சத்தில் நிறமும் நுட்பமும் காணும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம், மங்கலில் வேலை செய்யும் கோல் செல்கள் சுமார் 12 கோடி. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கூம்புகள் பத்து நிமிடத்தில் தேறிவிடும். கோல்கள் முழுதாகத் தேற அரை மணி நேரத்துக்கு மேலாகும்.

இதனால்தான் முற்றத்து வீடுகளில் பகலிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் இன்னும் கேட்கவில்லை. பங்குனி வெயிலில் முற்றத்துக் கல்தரை சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் கண்டெலா அளவுக்கு ஒளிரும். கூடத்தில் உட்கார்ந்து முற்றத்தைப் பார்ப்பவருடைய கண் அதற்குத் தக்கபடி தன்னை அடக்கிக்கொள்வதால், தாழ்வாரத்தில் நடந்து வருபவர் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். பழைய கொத்தனார்கள் தாழ்வாரத்தின் ஓட்டை மிகவும் தாழ இறக்கியதற்கு மழைச்சாரல் மட்டும் காரணமன்று என்பது என் எண்ணம். உட்கார்ந்திருப்பவர் கண்ணிலிருந்து வானம் மறைந்துவிடுகிறது, தரையில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் உள்ளே வருகிறது. இப்போது பலரும் முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு, தாழ்வாரத்தை வெட்டி உயர்த்திவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் அந்த யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வெட்டாற்றங்கரை:

தாழ்வாரத்தைத் தொடவில்லை ஐயா. முற்றத்துக்குக் கம்பி வலை மட்டும்தான். சுவருக்கு வெள்ளை அடிப்பதும் உறுதி. ஆனால் அம்மாவின் அடுக்களைக்கு என்ன செய்வது? அங்கே கூரை நடுவில் ஒரு 20 வாட் டியூப் இருக்கிறது.

நாகை கண்பரிசோதகர்:

அடுக்களையைப் பற்றி நான் எழுதுகிறேன். வயதாக ஆக, கண்வில்லை மஞ்சளிக்கிறது, பாவையும் முன்போல் விரிவதில்லை. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்று எங்கள் துறையில் கணக்கிடுவது வழக்கம். எனவே உங்கள் தாயாருக்கு வேலை செய்யும் இடத்தில் உங்களைவிட மூன்று மடங்கு ஒளி தேவைப்படுவது இயல்பு. ஆனால் அதே வயதில் வில்லைக்குள் ஒளி சிதறுவதும் கூடுகிறது. புரை தொடங்கியிருந்தால் மேலும் கூடும். பளீரென்ற விளக்கு நேரே கண்ணில் பட்டால், சிதறிய ஒளி பார்வைப் புலம் முழுவதும் ஒரு மெல்லிய திரை போலப் படிந்து, எல்லா வேறுபாட்டையும் மங்கச் செய்துவிடும். ஆகவே முதியவர்களுக்கு ஒளி கூடுதலாகவும் வேண்டும், விளக்கு கண்ணில் படாமலும் இருக்க வேண்டும். கூரையில் விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டாவது கெட்டுவிடும். பரிசோதனை செய்துகொள்ளாமல் பல மாதம் ஆகியிருந்தால் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள், எல்லாப் பழியையும் விளக்கின் மேல் போட வேண்டாம்.

கூரை நடுவில் இருக்கும் டியூப், மேடைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் எரிகிறது. அவர் தம்முடைய நிழலில்தான் காய் நறுக்குகிறார். பரணின் முன்விளிம்புக்கு அடியில், மேடைக்கு நேர் மேலே ஒரு நாலடி எல்இடி டியூபைப் பொருத்தி, அதன் முன்னே மூன்று விரல் அகலத்துக்கு ஒரு மரப்பட்டை அடித்துவிட்டால் ஒளி மேடைக்கு வரும், கண்ணுக்குத் தெரியாது. தொலைவு குறைந்தால் மேடையில் விழும் ஒளி வெகுவாகக் கூடும் என்பதால் சிறிய விளக்கே போதும்.

அரிசியில் கல் தெரியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. கறுப்புக் கல்லை யாரும் பொறுக்கிவிடுவார்கள். தொல்லை வெளிறிய கல்தான். புழுங்கல் அரிசிக்கும் அதற்கும் பிரகாசத்தில் வேறுபாடு மிகச் சிறிது. பின்னணியிலிருந்து ஒன்றிரண்டு விழுக்காடாவது வேறுபட்டால்தான் நல்ல கண்ணுக்கே ஒரு பொருள் தனித்துத் தெரியும். நேர் மேலிருந்து விழும் பரவிய ஒளியில் எல்லாம் ஒரே வெண்மையாகிவிடுகின்றன. ஒளி பக்கவாட்டிலிருந்து, முறத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு சாய்வாக வந்தால், ஒவ்வொரு மணியும் ஒரு சிறு நிழலை வீசும். அரிசி மணிக்குள் ஒளி சிறிது ஊடுருவுவதால் அதன் ஓரம் கண்ணாடி போல ஒளிரும், கல்லின் ஓரம் செத்துக் கிடக்கும். காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் முறத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்து ஓரத்துக்கு வந்து உட்காரும் வழக்கம் சும்மா வந்ததன்று. உங்கள் தாயாருக்கு அடுக்களை ஜன்னல் பக்கம், உட்கார்ந்தால் தோள் உயரத்தில், ஒரு சுவர் விளக்கு போட்டுக் கொடுங்கள்.

வெண்ணாறு:

மரப்பட்டை யோசனை நன்று. அதை அலுமினியம் கோணத்திலும் செய்யலாம். தாளிப்பு எண்ணெய் படிந்து வெளிச்சம் குறையும் என்பதால் மூடிய வகை டியூபாக வாங்கி, மாதம் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள்.

திருபுவனம் தறி:

நிறத்தைப் பற்றிய கேள்வியை எல்லாரும் தாண்டிவிட்டீர்கள். நாங்கள் பட்டு நெய்து விற்பவர்கள். விளக்கின் நிறத்தால் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கடையில் விளக்கை மாற்றிய புதிதில், அரக்கு நிறப் புடவைகளெல்லாம் காப்பிப்பொடி நிறமாகத் தெரிந்தன. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் புடவையை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார்கள்.

வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் ஒரு சிப்பின் மேல், அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசியது. அந்த நீல எல்இடிக்காகத்தான் 2014 ஆம் ஆண்டு அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதில் நீலமும் மஞ்சளும் மிகுதி, ஆழ்ந்த சிவப்பு குறைவு. பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பார்கள்; பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குத் தரும் மதிப்பெண் அது. அது வெளிறிய எட்டு மாதிரி நிறங்களை வைத்துக் கண்ட சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் சேராது. அதைத் தனியாக ஆர்9 என்று அளப்பார்கள். சிஆர்ஐ 80 பெற்ற விளக்கிலும் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கக்கூடும். அதனால் வெட்டாற்றங்கரை அவர்களே, உங்கள் சிவப்புத் தரையும் தேக்கும் செத்துத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிஆர்ஐ 90, ஆர்9 50க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும்.

நிறத்தை அடுத்துள்ள நிறமும் மாற்றும். பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் வெளுக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளுத்துக் காட்டின. 1839 இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். எங்கள் ஊரில் முந்தானைக்கும் உடலுக்கும் நிறம் சேர்ப்பவர்கள் இதைப் படித்தவர்களல்லர், ஆனால் நூலைத் தனியாகப் பார்த்து ஒருபோதும் முடிவு செய்ய மாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத்தான் பார்ப்பார்கள்.

வெட்டாற்றங்கரை:

இது எனக்குப் புதிது. அப்படியானால் 2700, 4000, 6500 என்ற கெல்வின் கணக்கு நிறத்தைக் காட்டும் தரத்தைப் பற்றியதில்லையா? தம்பியின் லோ வோல்டேஜ் வாதத்துக்கு என்ன பதில் சொல்வது?

அரசலாறு:

இரண்டும் வேறு. கெல்வின் என்பது விளக்கு தானாக எந்தச் சாயலில் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பழைய குண்டு பல்பு 2700, மெழுகுவர்த்திச் சுடர் 1900 அளவில். அந்த ஒளியில் பொருள்களின் நிறம் எப்படி இருக்கும் என்பதைச் சிஆர்ஐ சொல்கிறது. 2700 கெல்வினில் மோசமான விளக்கும் உண்டு, 6500 கெல்வினில் நல்ல விளக்கும் உண்டு.

தம்பியின் வாதத்தில் அனுபவம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பம்புசெட் மோட்டார்கள் ஒரே நேரத்தில் எடுக்கும்போது வோல்டேஜ் இறங்கி, குண்டு பல்பு சிவந்து மங்கியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். மஞ்சள் என்றால் பற்றாக்குறை, வெள்ளை என்றால் வசதி என்று மனத்தில் பதிந்துவிட்டது. கண்ணோ சில நிமிடங்களில் எந்தச் சாயலுக்கும் பழகிவிடும். முழு வீடும் ஒரே சாயலில் இருந்தால் சற்று நேரத்தில் அது மஞ்சள் என்பதே தெரியாது. ஓர் அறையில் 2700 உம் அடுத்த அறையில் 6500 உம் இருந்து இரண்டும் ஒரே பார்வையில் பட்டால்தான் ஒன்று நோயாளியைப் போலவும் மற்றது ஆஸ்பத்திரியைப் போலவும் தோன்றும்.

குடமுருட்டி:

வெளிச்சம் குறைவான இடத்தில் மஞ்சள் சாயலும், மிகுதியான இடத்தில் வெள்ளைச் சாயலும் இதமாக இருக்கும் என்று 1941 இல் பிலிப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த க்ரூயிட்ஹாஃப் ஒரு வரைபடம் வெளியிட்டார். வடிவமைப்பு வகுப்புகளில் அதை வேதம்போல் சொல்லிக் கொடுப்பார்கள். ஆதலால் மாலைக் கூடத்துக்கு 2700 அல்லது 3000 தான் சரி என்பது என் வழக்கமான பரிந்துரை.

நாகை கண்பரிசோதகர்:

அந்த வரைபடத்தைச் சற்று எச்சரிக்கையாகப் பயன்படுத்தலாம் சார். பின்னாளில் நடந்த சோதனைகள் பலவற்றில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. எந்த அளவு வெளிச்சத்திலும் மக்கள் பழகிய சாயலையே ஏற்றுக்கொள்கிறார்கள். இரவுக்கு மஞ்சள் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் உடலியலில் இருக்கிறது. விழித்திரையில் கூம்பு, கோல் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட நரம்புச் செல்கள் தாமே ஒளியை உணர்ந்து உடலின் நாள்கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புவதை 2002 இல் காட்டினார்கள். அவை 480 நானோமீட்டர் அருகிலுள்ள நீல ஒளிக்கு மிகவும் வசப்படுபவை. இரவில் கண்ணுக்குள் போகும் நீலம் மிகுந்தால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தாமதமாகும். ஆனால் இதிலும் சாயல் மட்டும் கணக்கில்லை. மங்கலான வெள்ளை விளக்கைவிடப் பளீரென்ற மஞ்சள் விளக்கு கூடுதலாகக் கெடுக்கக்கூடும். ஒன்பது மணிக்கு மேல் விளக்கைக் குறைக்கும் வழி இருப்பதே முக்கியம்.

வெண்ணாறு:

டெல்டாவில் மஞ்சளுக்கு ஆதரவாக வேறொரு சாட்சியும் உண்டு, அது பூச்சி. ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் நிற்கும்போது பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடி வீட்டுக்குள் கொட்டும். மழைக்கு மறுநாள் ஈசல் வேறு. வயலில் விளக்குப் பொறி வைப்பதே இந்தக் குணத்தை நம்பித்தான். பூச்சிகளின் கண் புற ஊதாவிலும் நீலத்திலும் கூர்மையானது என்பதால், திண்ணையில் 6500 போட்டால் சாப்பாட்டு இலையில் பூச்சி விழும். 2200 அல்லது 2700 போட்டால் அறவே வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெகுவாகக் குறையும். விளக்கை வாசலுக்கு நேர் மேலே வைக்காமல் திண்ணையின் ஓரத்துத் தூணுக்குத் தள்ளிவிட்டால் வருவதும் அங்கேயே நின்றுவிடும்.

வோல்டேஜைப் பற்றி ஒரு சொல். எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் என்ற தனிக் கருவி இல்லாமல் போர்டிலேயே எல்லாவற்றையும் வைத்து விற்கும் மலிவு வகையில், மோட்டார் எடுக்கும்போதெல்லாம் வெளிச்சம் துடிக்கும். சாதாரண நேரத்திலும் வினாடிக்கு 100 முறை மின்னிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு நேராகத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். கடையில் விளக்கைப் போட்டு அதன் கீழே ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பேனா துண்டு துண்டாக, விசிறி போல் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

திருபுவனம் தறி:

பூஜை இடத்தை மறந்துவிட வேண்டாம். எங்கள் உறவினர் வீட்டில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு நேர் மேலே ஸ்பாட் லைட் போட்டிருக்கிறார்கள். ஐந்து முகமும் ஏற்றினாலும் ஏற்றியது போலவே இல்லை.

குடமுருட்டி:

ஒரு சுடருக்கு ஒரு கண்டெலா, அதாவது ஒரு மீட்டர் தள்ளி ஒரு லக்ஸ், என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து முகமும் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் விக்கிரகத்தின் மேல் போடுவது 5 லக்ஸ்தான். அங்கே 300 லக்ஸ் ஸ்பாட் எரிந்தால் அந்த 5 ஒன்றிரண்டு விழுக்காடு என்ற எல்லைக்கு வந்துவிடுகிறது, கண்பரிசோதகர் அம்மா சொன்ன அதே எல்லை. வெண்கலம் வெள்ளைச் சுவரைப் போல ஒளியைப் பரப்பித் திருப்புவதில்லை. எதிரில் உள்ள சுடரைத் தன் மேல் சிறு மின்னலாகக் காட்டும், அந்த மின்னல்களின் வளைவைக் கொண்டே தோளையும் கன்னத்தையும் கண் கட்டிக்கொள்கிறது. மேலிருந்து பரவிய ஒளி கொட்டினால் அந்த மின்னல்கள் அழிந்துவிடும். பூஜை அறையில் பொது விளக்கைத் தனி சுவிட்சில் வைத்து, தீபம் ஏற்றியதும் அணைக்கும்படி செய்யுங்கள். தஞ்சாவூர்ப் படம் மாட்டுவதாக இருந்தால், கூரை விளக்கு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து படத்தில் விழட்டும். அதைவிடத் தள்ளி வைத்தால் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் பார்ப்பவர் கண்ணுக்கு வரும். அதைவிட நெருங்கினால் சட்டத்தின் நிழல் படத்தில் விழும்.

வெட்டாற்றங்கரை:

அனைவருக்கும் நன்றி. கூடத்தில் பதினாறில் எதைக் கழற்றுவது, எங்கே புதிய பாயிண்ட் எடுப்பது என்று சொன்னால் வரும் வாரம் பெயின்டர் வருவதற்குள் முடித்துவிடுவோம். இரவில் அம்மா கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகும் வழியும் இருக்கிறது.

குடமுருட்டி:

நடுவில் உள்ள எட்டைக் கழற்றி ஓட்டையை மூடிவிடுங்கள். சுவர் ஓரமாக உள்ளவற்றில் ஆறை வைத்துக்கொண்டு, முகம் உள்ளே புதைந்த, சுவர்ப் பக்கம் திருப்பக்கூடிய வகையாக மாற்றுங்கள்; 7 வாட் போதும், 3000 கெல்வின், சிஆர்ஐ 90. உத்தரத்தின் மேல்விளிம்பில், கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி, கூரையை நோக்கி எல்இடி பட்டை ஓடட்டும். தேக்கின் ரேகையும் அதில் எடுத்துக் காட்டும். ஃபால்ஸ் சீலிங்கின் நிறம் பளபளப்பில்லாத வெள்ளையாக இருக்க வேண்டும். படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நிற்கும் விளக்கு. அடுக்களை மேடைக்கு 4000 கெல்வின் இருக்கலாம்; கூடத்திலிருந்து அது நேராகத் தெரியாது என்றால் மட்டும்.

வெண்ணாறு:

நான் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. சுவர் விளக்கு, கூரைப் பட்டை, பழைய வட்ட விளக்கில் மிஞ்சுபவை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் எடுங்கள். டிம்மர் போடுவதாக இருந்தால் டிரைவரின் மேல் மங்கச் செய்யும் வசதி இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத டிரைவரில் விசிறி ரெகுலேட்டரைப் பூட்டினால் துடிப்பதோடு சீக்கிரம் போய்விடும். கொல்லைக்குப் போகும் வழியில் முழங்கால் உயரத்தில், தரையை மட்டும் பார்க்கும் ஒரு வாட் மஞ்சள் விளக்குகள் பத்தடிக்கு ஒன்றாக வைத்து, படுக்கையறை வாசலிலும் கொல்லை வாசலிலும் டூ வே சுவிட்ச் கொடுங்கள். படி இருக்கும் இடத்தில் விளிம்புக்கு வெள்ளைப் பட்டை அடித்துவிடுங்கள், அந்த அம்மாவுக்கு விளக்கைவிட அது உதவும். சுவரை வெட்டுவதற்கு முன்னால், ஒயரில் ஹோல்டர் மாட்டிக் குறித்த இடங்களில் கட்டித் தொங்கவிட்டு, இரவு ஏழு மணிக்குமேல் உங்கள் தாயாரை அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகே சுவரில் சாக்பீஸ் போடச் சொல்லுங்கள்.